பதினொரு நிமிடங்கள்



இப்பகுதியில் இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டு சிலர் வியக்கக்கூடும். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, இருபதாண்டுகளுக்கும் மேலாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் கணிப்பொறி மென்பொருளைப் பற்றி எழுதுவதா? நியாயமான ஐயம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நடந்த ஒரு நிகழ்ச்சி, அம்மென்பொருளை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இனி அது எனக்கு அந்நியமான பொருளன்று.

2023ஆம் ஆண்டு ரமளான் மாதம். பதினோராவது நோன்பிற்கான சஹர் நேரம். பின்னிரவு மூன்று மணியளவில் மின்சாரம் நின்று, எட்டு நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் இது எவரும் பொருட்படுத்தும் செய்தியன்று. விசிறி நின்றதும் விழித்தவர்கள், அது சுழன்றதும் மீண்டும் கண்ணயர்ந்தார்கள். விழித்திருந்த பெண்கள் அடுப்படியில் தம் வேலையைத் தொடர்ந்தார்கள்.

சஹர் முடிவிற்கான சங்கு ஒலித்தபோது நான் கடைசி மிடறு தண்ணீரை அருந்திக்கொண்டிருந்தேன். குவளையைக் கீழே வைத்துவிட்டு நிய்யத்துச் செய்தேன். அப்போதுதான், வயல்களுக்கு அப்பால் உள்ள பக்கத்துச் சிற்றூரில் பாங்கு முன்னரே சொல்லி முடிந்திருந்தது நினைவிற்கு வந்தது. அவ்வூர்ப் பள்ளியில் இருப்பது சாவி கொடுத்து ஓட்டும் பழைய சுவர்க் கடிகாரம். அது முன்னே ஓடுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். நம் பள்ளியில் இருப்பதோ ஜமாஅத்தார் பணம் திரட்டி வாங்கி வைத்த மின்னணுப் பலகையாயிற்றே! ஐந்து வேளைத் தொழுகை நேரங்களையும், இகாமத் நேரத்தையும், சூரிய உதயத்தையும் சிவந்த எழுத்துகளில் காட்டும் பலகை. இணையத்தோடு இணைந்தது, எனவே பிழை செய்யாது என்று விற்றவர்கள் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

பிழை பக்கத்து ஊர்க் கடிகாரத்தில் இல்லை. எங்கள் பலகைதான் பதினொரு நிமிடம் பிந்தியிருந்தது.

சுப்ஹுத் தொழுகைக்குப் பின் பள்ளியிலேயே பேச்சு எழுந்துவிட்டது. கைப்பேசியில் நேரம் பார்த்து உண்டவர்களுக்குச் சிக்கலில்லை. பள்ளிவாசல் சங்கையே நம்பி உண்டவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் முதியவர்கள், பெண்கள், தனியே வாழ்பவர்கள். அன்று காலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்த ஒரு மூதாட்டி, "தம்பி, சங்கு ஊதுற வரைக்கும் நான் கஞ்சி குடிச்சேனே, என் நோன்பு என்னாச்சு?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரவு இன்னும் எஞ்சியிருக்கிறது என்று எண்ணி உண்டு, பிறகு வைகறை புலர்ந்திருந்தது தெளிவானால், அன்று முழுதும் நோன்பாளியைப் போலவே இருந்துவிட்டு, ரமளானுக்குப் பின் அந்த ஒரு நோன்பைக் களாச் செய்துகொள்ள வேண்டும். அறியாமல் நிகழ்ந்ததால் குற்றமில்லை. இதை அவருக்குச் சொன்னேன். எனக்கும் அதுவே சட்டம் என்பதைச் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றிவிட்டுப் போனார்!

மோதினார் பெரிதும் வருந்தினார். "ஹஜ்ரத், முப்பது வருசம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பாங்கு சொன்னேன். ஒருநாளும் தவறலே. பலகை வந்த பிறகு அதைத்தான் பார்க்கணும்னு முத்தவல்லி சொன்னாங்க" என்றார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

பெருநாளுக்கு ஊருக்கு வந்த என் சகோதரியின் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கோயம்புத்தூரில் சிறு கருவிகளுக்கான மென்பொருள் எழுதும் பணியில் இருப்பவன். நான் சொல்லி முடிப்பதற்குள், "மாமா, அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க ஜமாஅத்தில் அனுமதி வாங்கித் தாருங்கள்" என்றான். முத்தவல்லி அனுமதித்தார். அடுத்த இரண்டு நாட்களும் என் மருமகன் பள்ளி அலுவலறையில் ஒரு மடிக்கணினியோடு அமர்ந்திருந்தான். அருகில் அமர்ந்து நான் கேட்ட கேள்விகளுக்கு அவன் சொன்ன விடைகளே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

பலகைக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கணினி இருந்தது. இவ்வகையினவற்றை உட்பொதிந்த கருவிகள் என்பர். நம் வீட்டு இணையப் பெட்டி, மின்சார மீட்டர், கடைகளில் அட்டை தேய்க்கும் கருவி ஆகிய யாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. மேசைக் கணினியை அணைத்தாலும் அதனுள் ஒரு பொத்தான் மின்கலம் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். இச்சிறு கருவிகள் பலவற்றில் சிக்கனம் கருதி அதை வைப்பதில்லை. மின்சாரம் போனால் அவற்றிற்கு நேரமும் போய்விடும். மீண்டும் விழிக்கும்போது 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நள்ளிரவு என்றே அவை எண்ணும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் யாவும் விநாடிகளை அன்றிலிருந்தே எண்ணத் தொடங்குகின்றன.

குகைத் தோழர்கள் விழித்தெழுந்து, ஒரு நாளோ அதில் ஒரு பகுதியோ உறங்கினோம் என்று எண்ணியது எனக்கு நினைவிற்கு வந்தது. மருமகனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவ்வளவு மோசமில்லை மாமா, இந்தப் பெட்டி ஒரு உபாயம் வைத்திருக்கிறது" என்றான்.

அவ்வுபாயம் இதுதான். மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போய்த் திரும்பினால், கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து தொடரும். அன்றிரவு மூன்று மணிக்கு எழுதியது. மூன்று நிமிடம் கழித்து மின்சாரம் போயிற்று. எட்டு நிமிடம் கழித்து வந்தது. பெட்டி விழித்தபோது அதற்கு இன்னும் மூன்று மணிதான். மூன்றும் எட்டும் பதினொன்று! 1970 என்று காட்டியிருந்தால் மோதினார் உடனே கண்டுபிடித்திருப்பார். பதினொரு நிமிடப் பிழையை யார் காண்பது? பெரிய பொய்யைவிடச் சிறிய பொய் தீங்கு மிக்கது என்பதற்கு இதைவிட வேறு சான்று நான் கண்டதில்லை.

"சரி, இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் என்றார்களே?" என்று கேட்டேன்.

"பெறும் மாமா. ஆனால் ஒரே ஒரு முறைதான் கேட்கும். பெட்டி அரை நிமிடத்தில் விழித்துவிட்டது. அலுவலறையில் உள்ள இணையப் பெட்டி விழிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. இது கேட்டபோது பதில் சொல்ல வழியில்லை. கேட்டுப் பார்த்துவிட்டு, அந்தச் சிறு நிரல் தன் வேலை முடிந்தது என்று விலகிப் போய்விட்டது. பிறகு காலை வரை இணையம் நன்றாகத்தான் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை."

இணையத்தின் வழியே நேரத்தைச் சரிபார்க்கும் முறைக்கு என்.டி.பி. என்று பெயர். இதை வகுத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். இதன் முதல் வரையறை 1985 செப்டம்பரில் வெளியாயிற்று. டெலவேர் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். பிறவியிலேயே கண் அழுத்த நோய் கொண்டிருந்த அவருக்குப் பிற்காலத்தில் பார்வை மங்கி மறைந்தது. உலகத்தின் கணினிகளுக்கெல்லாம் கடிகாரம் வைத்துக் கொடுத்தவர், தம் முதுமையில் ஒரு கடிகாரத்தைக் கண்ணால் பார்க்க இயலாதவராக இருந்தார். 2024 ஜனவரியில் மறைந்தார்.

அவர் கண்ட வழி மிக எளியது. பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கலாம். உங்கள் வீட்டுக் கடிகாரம் சரியா என்று அறிய ஒரு சிறுவனைப் பள்ளிவாசலுக்கு அனுப்புகிறீர்கள். வீட்டுக் கடிகாரப்படி அவன் புறப்பட்டது 10.00 மணி. பள்ளிக் கடிகாரப்படி அவன் அங்கே சேர்ந்தது 10.07, புறப்பட்டது 10.08. வீட்டுக் கடிகாரப்படி அவன் திரும்பியது 10.07. போய்வந்த மொத்த நேரம் ஏழு நிமிடம். அதில் பள்ளியில் நின்றது ஒரு நிமிடம். நடந்தது ஆறு நிமிடம். ஒரு வழிக்கு மூன்று நிமிடம். அப்படியானால் 10.00க்குப் புறப்பட்டவன் 10.03க்குச் சேர்ந்திருக்க வேண்டும். பள்ளிக் கடிகாரமோ 10.07 என்றது. ஆகவே வீட்டுக் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தியிருக்கிறது. இந்நான்கு குறிப்புகளைக் கொண்டுதான் கணினிகளும் கணக்கிடுகின்றன. போகும் வழியும் வரும் வழியும் சம தூரம் என்பது இதிலுள்ள அனுமானம். போகும்போது சிறுவன் மிட்டாய்க் கடையில் நின்றுவிட்டால் கணக்குத் தவறும். அதற்காகத்தான் ஒரே பள்ளிக்கு அனுப்பாமல் நான்கைந்து பள்ளிகளுக்கு அனுப்பி, ஒத்துவராத விடையை விலக்குகிறார்கள். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பயின்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்வளவு சீரான முறை 1985லிருந்து இருக்கையில், எங்கள் பலகை ஏன் பிழைத்தது? என் மருமகன் சொன்ன விடை எனக்கு முற்றிலும் புதிது. முறையில் பிழையில்லை, அதைப் பொதிந்ததில்தான் பிழை என்றான்.

பொதி என்றால் என்னவென்று விளக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. இறுதியில் நானே ஓர் உவமையைக் கண்டுகொண்டேன். அது கட்டுச்சோறு. வீட்டில் சமைத்து உண்பவனுக்கு உப்புக் குறைந்தால் கைநீட்டி எடுத்துக்கொள்ளலாம். கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில் நம் பாட்டிமார் கட்டிக் கொடுத்த உணவோ, வழியில் எவ்விதத் திருத்தமும் செய்ய முடியாதது. எவ்வளவு நாள் தாங்கும், எதில் கட்டுவது, எதை விடுவது என்று யாவற்றையும் முன்னரே சிந்தித்துக் கட்டவேண்டும். மேசைக் கணினிக்கான மென்பொருள் வீட்டுச் சமையல். சுவரில் ஏறிவிட்ட கருவிக்கான மென்பொருள் கட்டுச்சோறு.

சிறு கருவிகளுக்கு இவ்வாறு பொதிகட்ட ஓப்பன்டபிள்யூஆர்டி, பில்ட்ரூட், யாக்டோ என்று பல கட்டமைப்புகள் இருக்கின்றன; யாவும் இலவசமானவை, எவரும் திறந்து பார்க்கக்கூடியவை. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு செய்முறைக் குறிப்பு உண்டு. மூலநிரல் எங்கே இருக்கிறது, வழியில் எவரும் அதை மாற்றிவிடவில்லை என்பதைச் சரிபார்க்கும் எண் எது, உரிமம் என்ன, எவ்வெவ் துணை நிரல்கள் தேவை, எவற்றை நீக்கிவிட்டுத் தொகுப்பது, கருவி விழிக்கும்போது இது எத்தனையாவதாக எழவேண்டும், எந்த அதிகாரத்தோடு இயங்கவேண்டும் ஆகியவை அக்குறிப்பில் இருக்கும். சிறிய இணையப் பெட்டிகள் சிலவற்றின் சேமிப்பிடமே எட்டு அல்லது பதினாறு மெகாபைட்டுதான். இன்றைய கைப்பேசியில் எடுத்த சில புகைப்படங்களின் அளவு. முழு இயங்குதளமும் அதற்குள் அடங்கவேண்டும். ஆகவே நேரம் பார்க்கும் நிரலுக்குக் கிடைப்பது ஒரு மூலைதான். பிஸிபாக்ஸ் என்னும் தொகுப்பில் ஒரு சின்னஞ்சிறு என்.டி.பி. நிரல் உண்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி இயல்பாக அதையே பயன்படுத்துகிறது. இடமிருப்பவர்கள் குரோனி என்னும் நிரலைப் பொதியலாம்.

இதில் சிக்கல்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன்.

டேவிட் மில்ஸ் வழிவந்த பழைய நிரல், தன் கடிகாரத்திற்கும் வெளியுலகக் கடிகாரத்திற்கும் ஆயிரம் விநாடிக்கு மேல் வேறுபாடு கண்டால், ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது என்று கருதித் தானே நின்றுவிடும். பெரிய கணினிகளில் இது அறிவுடைமை. 1970லிருந்து எழும் சிறு கருவியில் இது பேதைமை. அதன் வேறுபாடு பல கோடி விநாடிகளாயிற்றே! முதல் முறை மட்டும் எவ்வளவு வேறுபாடாயினும் ஏற்றுக்கொள் என்பதற்கு ஒரேயோர் எழுத்து அளவிலான கட்டளை உண்டு. பொதிகட்டுபவர் அந்த ஓர் எழுத்தைத் தொடக்கக் குறிப்பில் சேர்க்க மறந்தால், கருவி ஆயுள் முழுவதும் 1970லேயே வாழும்.

இன்னொன்று இதைவிட விந்தையானது. இன்று இணையத்தில் பாதுகாப்பான தொடர்புகள் பெரும்பாலும் சான்றிதழ்களை நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு சான்றிதழிலும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 1970 என்று நம்பிக்கொண்டிருக்கும் கருவிக்கு அவை யாவும் இன்னும் பிறவாத சான்றிதழ்கள். ஆகவே பாதுகாப்பான தொடர்பே கிட்டாது. நேரத்தையும் பாதுகாப்பாகப் பெறவேண்டும் என்று 2020ல் என்.டி.எஸ். என்னும் புதிய முறை வரையறுக்கப்பட்டது; போலி நேரத்தை அனுப்பி ஏமாற்றுவோரைத் தடுக்க அது உதவும். ஆனால் அதற்கும் சான்றிதழ் வேண்டும்; சான்றிதழைச் சரிபார்க்க நேரம் வேண்டும்; நேரத்தைப் பெறச் சான்றிதழ் வேண்டும்! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். குரோனியில் முதல் முறை மட்டும் தேதியைப் பாராமல் சான்றிதழை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வழி இருக்கிறது. அதைத் திறந்துவிடுவதா, மூடிவைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவரும் பொதிகட்டுபவரே.

யாரிடம் நேரம் கேட்பது என்னும் கேள்வியும் அவருடையதே. இதில் ஒரு பெரும் வரலாறு உண்டு. வரலாற்று மாணவன் என்பதால் இதை விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் இருந்த ஒரு நேர வழங்கியை நோக்கித் திடீரென்று வெள்ளம்போல் வினாக்கள் பாயத் தொடங்கின. விநாடிக்கு இலட்சக்கணக்கில் வந்தன. எவரோ தாக்குகிறார்கள் என்றே முதலில் எண்ணினார்கள். ஆராய்ந்தபோது பகைவர் எவருமில்லை. நெட்கியர் நிறுவனம் விற்ற வீட்டு இணையப் பெட்டிகளின் மென்பொருளில், நேரம் கேட்க வேண்டிய முகவரியாக அப்பல்கலைக்கழகத்தின் எண்ணையே நேரடியாக எழுதிவைத்துவிட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. அத்தோடு, விடை வராவிட்டால் விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேள் என்றும் எழுதியிருந்தார்கள். அவ்வகைப் பெட்டிகள் ஏழு இலட்சத்திற்கும் மேல் மக்கள் வீடுகளுக்குச் சென்றுவிட்டிருந்தன. வழங்கி திணறித் திணறி விடை தர இயலாதபோது, கேட்பவை மேலும் விரைந்து கேட்டன. நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. ஆனால் எத்தனை பேர் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து அதை மாற்றுவார்கள்? உள்ளே இப்படியொன்று இருக்கிறதென்றே பலருக்குத் தெரியாது. பின்னர் நிறுவனம் பல்கலைக்கழகத்திற்கு நிதியுதவி அளித்து ஓரளவு ஈடுசெய்தது.

இதிலிருந்து யாவரும் பாடம் கற்றுவிட்டார்களா என்றால் இல்லை. 2006ல் டென்மார்க் நாட்டின் பவுல் ஹென்னிங் காம்ப் என்னும் நிரலாளர், தம் நாட்டு இணையச் சேவையாளர்களுக்கென்று நடத்திவந்த நேர வழங்கியை டி-லிங்க் பெட்டிகள் உலகெங்கிலுமிருந்து கேட்டுக்கொண்டிருப்பதை வெளிப்படுத்தினார். பிறகு இருதரப்பும் இணக்கம் கண்டன. அண்டை வீட்டுக் கிணற்றில் அவரைக் கேளாமல் ஊர் முழுவதற்கும் குழாய் இழுத்துவிட்டதற்கு ஒப்பான செயல் இது. தண்ணீர் பொதுவானதுதான், ஆயினும் கேட்க வேண்டிய கடமை இருக்கிறதல்லவா?

2003லேயே தன்னார்வலர்கள் கூடிப் பொது நேரக் குளம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான வழங்கிகள் அதில் முறைவைத்து விடையளிக்கின்றன. கருவி செய்து விற்போர் அதனைப் பயன்படுத்த விரும்பினால், முறைப்படி கேட்டுத் தமக்கென்று தனிப்பெயர் ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னாளில் அவர்களுடைய கருவிகள் பிழை செய்தால், அப்பெயரை மட்டும் திருப்பிவிடலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு அவ்வாறு ஒரு பெயர் உண்டு. எங்கள் பலகையைப் பொதிந்தவர்கள் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? எங்கோ தொலைதூர நாட்டில் உள்ள ஒரேயொரு வழங்கியின் எண்ணை எழுதிவைத்திருந்தார்கள். நம் நாட்டிலேயே புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் தேசிய தகவலியல் மையமும் நேர வழங்கிகளை நடத்துகின்றன. 2022 ஏப்ரலில் வெளியான அரசு ஆணை ஒன்று, நிறுவனங்கள் அவற்றோடு தம் கணினிகளின் நேரத்தை ஒத்துவைக்குமாறு கூறுகிறது. அருகிருப்பதை விட்டுக் கடல் கடந்து ஏன் கேட்க வேண்டும்?

"யாரோ இணையத்தில் கிடைத்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் மாமா. ஒன்றையும் சோதித்துப் பார்க்கவில்லை" என்றான் மருமகன். அவன் குரலில் சினம் இருந்தது. தன் தொழிலில் அக்கறை உள்ளவனின் சினம். அது எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேரம் பார்ப்பதற்கென்றே பள்ளிவாசலில் ஓர் அறிஞரை அமர்த்தும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அவருக்கு முவக்கித் என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரின் உமையா பள்ளிவாசலில் அப்பணியில் இருந்த இப்னு ஷாத்திர், 1371ஆம் ஆண்டு வாக்கில் அதன் மினாராவில் பெரியதொரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்ட வானியலாளர் அவர்! அவ்வளவு கல்வியை வேண்டிய ஒரு பதவியை, நாம் ஒரு பெட்டிக்கும், அப்பெட்டியைப் பொதிந்த முகமறியாத ஒருவருக்கும் கொடுத்திருக்கிறோம். கொடுத்ததில் தவறில்லை. யாரிடம் கொடுத்தோம் என்று ஒருமுறையேனும் கேட்டோமா?

மருமகன் செய்த திருத்தங்களுக்கு வருகிறேன். முதலில், பொத்தான் மின்கலத்தோடு கூடிய சிறு கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தினான். விலை சில நூறு ரூபாய்தான். சாதாரண படிகக் கடிகாரம் பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைத்தால், நாளொன்றிற்கு ஒன்றேமுக்கால் விநாடி தவறும். மாதத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். அவன் பொருத்திய சில்லு வெப்பத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வகை. ஆண்டு முழுவதற்குமே ஒரு நிமிட அளவில்தான் தவறும்.

அடுத்து, ஒருமுறை கேட்டு ஓடிவிடும் நிரலை நீக்கிவிட்டுக் குரோனியைப் பொதிந்தான். ரிச்சர்ட் கர்னோ என்பவர் 1990களில் எழுதத் தொடங்கியது அது. தொலைபேசி வழியே விட்டு விட்டு இணையம் கிடைத்த அக்காலத்திற்கென்றே ஆனதால், எங்கள் ஊர் நிலைமைக்கும் நன்கு பொருந்துகிறது. தொடர்பு கிட்டாவிட்டால் சோர்ந்து விலகாது, காத்திருந்து கேட்கும். முதல் மூன்று திருத்தங்களில் ஒரு விநாடிக்கு மேல் பிழையிருந்தால் மட்டும் ஒரேயடியாகக் குதித்துச் சரிசெய்யவும், பிறகு மெல்ல மெல்லவே நகர்த்தவும் கட்டளையிட்டான். ஏன் என்று கேட்டேன். "கடிகாரம் பின்னோக்கிக் குதித்தால், சொன்ன பாங்கையே பெட்டி திரும்பச் சொல்லிவிடும் மாமா" என்றான். எண்ணிப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

திருத்திய நேரத்தை அவ்வப்போது அந்தச் சில்லிலும் எழுதிவைக்கும்படி ஒரு வரி சேர்த்தான். அவ்வாறு எழுதுவது எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை தெரியுமா? ஏறக்குறைய பதினொரு நிமிடத்திற்கு ஒருமுறையாம்! லினக்ஸ் இயங்குதளத்தில் நெடுங்காலமாக அதுவே வழக்கம் என்றான். எனக்கு என்னவோ போலிருந்தது.

இவற்றையெல்லாம்விட நான் மதிப்பது அவன் செய்த வேறொன்றை. தொழுகை நேரம் காட்டும் நிரல், நேரம் உறுதியாகும் வரை காத்திருக்கவேண்டும் என்று வரிசையை மாற்றினான். உறுதியாகாவிட்டால் பலகையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றும். மஞ்சள் புள்ளி இருந்தால் கைக்கடிகாரத்தைப் பாருங்கள் என்று மோதினாரிடம் சொன்னான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கருவிக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் நாளில், பலகையின் நிரல்கள் யாவற்றையும் 2038ஐத் தாங்கும்படி தொகுத்திருப்பதாகவும் சொன்னான். பழைய முறையில் தொகுத்த கருவிகளில், அவ்வாண்டு ஜனவரி 19ஆம் நாள், நம் நேரப்படி காலை 8.44க்கு, விநாடிகளை எண்ணும் இடம் நிரம்பிவிடுமாம். அவற்றிற்கு அடுத்த விநாடி 1901 டிசம்பராம். அப்போது எனக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். அல்லாஹ் ஆயுளைத் தந்தால் அன்று காலை பலகைக்கு முன் நின்று பார்க்கவேண்டும்.

2024 ரமளானில் இருமுறை மஞ்சள் புள்ளி தோன்றியது. இருமுறையும் மோதினார் தம் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்தே சங்கு ஒலித்தார். அம்மூதாட்டி களா நோன்பை ஷவ்வால் மாதத்திலேயே நோற்று முடித்துவிட்டார். நான் ஷஅபான் வரை ஒத்திப்போட்டேன்.

ஒரு கவலைதான் மீதி. அதே பலகையை அதே விற்பனையாளரிடம் வாங்கிய பள்ளிகள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆறு இருக்கின்றன. ஆறு முத்தவல்லிகளுக்கும் கடிதம் எழுதினோம். மூவர் வரச்சொன்னார்கள், மருமகன் போய்ச் சரிசெய்து கொடுத்தான். ஒருவர், எங்கள் பலகை நன்றாகவே ஓடுகிறது என்று பதில் எழுதினார். இருவரிடமிருந்து இன்னும் பதிலில்லை. அடுத்த ஜும்ஆவிற்கு அவ்விரு ஊர்களுக்கும் நேரில் போய்வரலாம் என்றிருக்கிறேன்.